இரண்டு மணி நேரத் தண்ணீர்

தை 9, வெள்ளி
கடும் பனி. கடலை எடுத்த வயலில் சர்க்கரைவள்ளி. கிழக்குப் பாதிக்குச் சொட்டுநீர், மேற்குப் பாதிக்கு வாய்க்கால். எது தேவலை என்று பார்க்கத்தான் இந்தப் பாடு.

வாய்க்கால் – ஐந்து மணி நேரம். சொட்டுநீர் – இரண்டே. இரண்டு பாதியிலும் ஒரு செடி பிடுங்கிப் பார்த்தேன். சொட்டுநீர்க் கிழங்குதான் பருமன். இவரிடம் காட்டினேன். "ம்" என்றார். இந்த மனுஷனோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம்.

மோட்டார் கொட்டகை நோட்டில் எழுதி ஆணியில் மாட்டினேன்: "மொத்த வயலுக்கும் சொட்டுநீர் போட்டால் அரை நாள் தண்ணீர் போதும்."

தை 11, ஞாயிறு
கிணறு ஊற விடும் நாள். திங்கள், புதன், வெள்ளி எங்கள் முறை. மற்ற மூன்று நாளும் கொழுந்தன் குமாருக்கு. மாமனார் பிரித்துக் கொடுத்தது.

நோட்டைப் போனில் படம் பிடித்திருக்கிறான் பாவி. "அண்ணி, நீங்களே அரை நாள் போதும்னு எழுதியிருக்கீங்க. மத்தியானத்துக்கு மேல நான் ஓட்டிக்கிறேன்."

"கிழங்கு எடுத்ததும் நெல்லு. அதுக்கு நாள் பூரா வேணும்."

"அதை அப்பப் பாத்துக்கலாம்."

விட்ட முறை திரும்பி வருமா?

தை 12, திங்கள்
மத்தியானம் அவனே வந்து மோட்டாரைப் போட்டான். அணைத்தேன். பிடித்துத் தள்ளினான். இவர் குறுக்கே விழுந்தார். மண்வெட்டிக் காம்பால் அவன் ஓங்கி ஒரே அடி. இவர் நெற்றி பிளந்து, பாத்தியெல்லாம் ரத்தம். அவன் கையைக் கடித்தேன். விடவில்லை. அலறினான். மனசு குளிர்ந்தது.

திருச்சி பெரியாஸ்பத்திரி. ஏழு தையல்.
சட்டை ஊற வைக்க. மாட்டுக்குத் தவிடு.

தை 14, புதன்
மேகம். ஸ்ரீரங்கத்திலிருந்து இவருடைய தாய்மாமா வந்தார். பேசி முடிக்கும் வரை மோட்டாருக்குப் பூட்டு. கைக்கட்டோடு குமார், தலைக்கட்டோடு இவர். என் எழுத்தை எல்லோர் முன்னாலும் அவன் படித்தான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"ஏம்மா, நீயே எழுதியிருக்கியே," என்றார் மாமா. "வேண்டாத தண்ணிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"நெல்லுக்கு வேணும் மாமா."

"அப்ப வெள்ளிக்கிழமை வரேன். நாள் பூரா பாய்ச்சினா முறை உங்களுது. மோட்டாரை நிறுத்துனா மிச்சம் அவனுக்கு."

தை 16, வெள்ளி
பனி இல்லை. காலை ஆறுக்கு மோட்டார். அரிவாளால் சொட்டுநீர்க் குழாய் அத்தனையையும் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டும் அவன் கழுத்து என்று நினைத்து வெட்டினேன். வாய்க்காலை உடைத்து இரண்டு பாதிக்கும் விட்டேன். பத்து மணிக்கு முழங்கால் சேறு.

குமார் வரப்பில் நின்றான். "அண்ணி, கிழங்கு அழுகிடும்."

"இறங்கு பாப்போம். கை இருக்காது."

பின்வாங்கினான். சாயங்காலம் மாமா பார்த்துவிட்டு, "சரி, முறை உங்களுது" என்று பஸ் ஏறினார். இவர் சேற்றிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துக் கழுவினார். "நல்லாப் பருத்திருந்துச்சு புள்ள," என்றார். அழுகையை அடக்க முடியவில்லை.

ஆறுக்கு மோட்டாரை நிறுத்தினேன். கொட்டகை நோட்டில் எழுதி, எல்லோரும் படிக்கும்படி ஆணியில் மாட்டினேன்: "காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. தண்ணீர் போதவில்லை."