சட்டையில் அடித்த ஸ்பிரிட் வாசனை

என் ராசாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பாப்பாவும் அங்கே சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்களா? போனில் பேசாமல் இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீ பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் கிடக்கும், கோபம் ஆறினதும் எடுத்துப் படிக்கலாம். முழுசாகப் படி, உன் அம்மா கேட்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த புதிதில் அப்பாவோடு ஒரு மனுஷி குடித்தனம் செய்ய முடியாது, அப்படி ஒரு எரிச்சல். மின்விசிறி சத்தம் போட்டால் கோபம், நான் கரண்டியைக் கீழே வைத்தால் கோபம், தூக்கமும் கிடையாது. இப்போது பரவாயில்லை. காலையில் கை நடுங்குவது குறைந்திருக்கிறது, சட்டைப் பித்தானை அவரே போட்டுக்கொள்கிறார். ஆனால் இனிப்பு மேல் ஒரு வெறி வந்திருக்கிறது பார், சர்க்கரை டப்பாவை நான் ஒளித்து வைக்க, அவர் கண்டுபிடிக்க, வீட்டில் எறும்புக்குக்கூட மிச்சமில்லை. டாக்டரிடம் புகார் சொன்னேன், இப்போதைக்கு அதையாவது விட்டுவையுங்கள் அம்மா என்று சிரித்துவிட்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறையில் குடியை விட்டவர்கள் எல்லாம் கூடிப் பேசுகிறார்கள், அதற்கு மழையானாலும் போய்விடுகிறார். கடைவீதி முனையில் முன்னே கூடக் குடித்த அந்தக் குட்டை டிரைவர் நின்று, வாங்கண்ணே வாங்கண்ணே என்று கூப்பிடுகிறான் என்று, பள்ளிக்கூடத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

வேலைதான் பெரிய சிக்கலாக இருந்தது. மரச்சாமானுக்குப் போடும் பாலிஷில் ஸ்பிரிட்தானே பாதி, அந்தச் சாராய வாடையை நாள் முழுக்க முகர்ந்துகொண்டு ஒரு மனுஷன் எப்படிக் குடிக்காமல் இருப்பது? நான் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவரே பட்டறையில் உன் மாமாவிடம் போய், பாலிஷ் டப்பாவை இனிமே தொடமாட்டேன், எனக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை குடு என்று கேட்டிருக்கிறார். மாமா பதறிப்போய், மச்சான், உங்க கைக்கு இது ஒரு வேலையா, ஊரே உங்க பாலிஷைத்தானே கேட்டு வருது என்றானாம். ஊரு கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்டா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அன்று முதல் தலையெல்லாம் மரத்தூளோடுதான் வீட்டுக்கு வருகிறார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இத்தனை வருஷமும் வாசலில் அவர் வந்து நின்றால் வேலை வாசனையா குடி வாசனையா என்று பிரிக்கத் தெரியாமல் தவித்தவள் நான். கேட்டால், பாலிஷ் வாசனைடீ என்பார், அத்தோடு வாயை மூடிக்கொள்வேன்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். அன்று பட்டறையில் மாமா கை பட்டு ஸ்பிரிட் கேன் சாய்ந்திருக்கிறது. பசை காய்ச்சுகிற அடுப்பு பக்கத்திலேயே எரிகிறது. அப்பாதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்து, கேனை நிமிர்த்தி, தரையில் ஓடினதைச் சாக்கைப் போட்டுத் துடைத்திருக்கிறார். சட்டை, கால்சட்டை எல்லாம் நனைந்துவிட்டது. நான் கூட வந்து அக்காகிட்ட சொல்றேன் என்று மாமா சொல்லியும், எதுக்கு, அவளுக்குப் புரியும் என்று தனியாக வந்திருக்கிறார். எனக்கா புரியும்! கதவைத் திறந்ததும் குப்பென்று அடித்ததே, எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. ஊதிக் காட்றேன், மோந்து பாரு என்றார். அதுக்கும் உங்களுக்கு வித்தை தெரியும் என்று கத்தினேன். அவர் எதிரிலேயே உனக்குப் போன் போட்டு, அப்பா திரும்ப ஆரம்பிச்சிட்டாருடா என்று அழுதேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இனி எனக்கு அப்பான்னு ஒருத்தர் இல்லை, செத்துட்டாருன்னு வச்சுக்கறேன் என்றாய். எனக்குத்தான் காது மந்தமாச்சே, ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

அப்புறம் போய்க் குளித்தார், சட்டையை அவரே துவைத்துப் போட்டார், சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் நான் எழுந்திருக்கும் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார். போயிற்று, நேராகக் கடைக்குத்தான் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பட்டறைக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் ஒரு நாற்காலிக் காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மாமா நடந்ததைச் சொன்னபோது என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், உன்மேல தப்பில்லை, நான் உன்னை அப்படிப் பழக்கி வச்சிருக்கேன் என்றார். இப்பவே பையனுக்குப் போன் போட்டுச் சொல்றேன் என்றதும் மட்டும் தேய்ப்பதை நிறுத்தினார். வேண்டாம். அவன் நம்பினாத்தான் குடிக்காம இருப்பேன்னா, அவன் கோபப்படுற அன்னைக்கு நான் என்ன பண்ணுவேன்? அவன் பேசினாலும் பேசாட்டியும் நான் விட்டது விட்டதுதான் என்றார். நேற்று அந்தக் கூட்டத்திலும் இதையே சொன்னாராம்.

வேண்டாம் என்று அவர் சொன்னார், ஆனால் உன்னிடம் தப்பாகச் சொன்னது என் வாய், அதைத் திருத்த வேண்டியதும் நான்தான். நாளைக்கு என்ன ஆகும் என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை, நான் எங்கே சொல்வது. அவரோடு கூடவே நிற்பது என்று முடிவு பண்ணிவிட்டேன், அவ்வளவுதான். உன்னை மன்னிக்கச் சொல்லவில்லை. உன் கல்யாணத்தன்று அவர் விழுந்து கிடந்ததை நானே மறக்கவில்லை, நீ எப்படி மறப்பாய்?

வேளைக்குச் சாப்பிடு, கண் முழித்து வேலை பார்க்காதே. பாப்பாவுக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். லீவு நாளில் போன் பண்ணு, அப்பாதான் எடுப்பார், நான் எடுக்கமாட்டேன். பழசுக்கெல்லாம் அவர்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு ராசா, நான் தடுக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு அவர் குடிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா