பெயர் எழுதாத சிலுவை

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள தம்பி டெல்ஃபினுக்கு அக்கா ஒத்திலியா எழுதுவது. நான் சுகம், முழங்கால்தான் சுகமில்லை. டெக்சஸ் எண்ணெய்க் கிணற்றில் உனக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால், தொலைந்ததை மீட்டுத் தருகிற புனித அந்தோணியாரைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருக்கிறேன். "பாவம்டி, அவருக்குத் தலை சுத்தப்போகுது" என்று பக்கத்து வீட்டுச் சிப்ரியானா கேலி செய்கிறாள். சுற்றட்டும். நீ வருகிறவரை அப்படித்தான் நிற்பார்.

இந்த வருடம் மலையில் பனி குறைவு, உருகி வருகிற தண்ணீரும் குறையும். உன் பங்கு வாய்க்காலைத் தூர்வார ஆள் சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மாநிலத் தலைநகர் சாந்தா ஃபேயில், சட்டசபையில் ஒரு சட்டம் கொண்டுவருகிறார்கள். கொல்லப்பட்டவள் திருநங்கை என்று தெரிந்ததும் பதறிக் கொன்றுவிட்டேன் என்று சொல்லி இனி யாரும் தண்டனையைக் குறைத்துக்கொள்ள முடியாதாம். உன் பிள்ளை, நம் யெசேனியாவைக் கொன்றவன் அதைத்தானே சொன்னான்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, என் வீட்டில் பீன்ஸும் மிளகாய்க் குழம்பும் தின்றவன். "அவனுக்கு ஆரம்பத்துலயே எல்லாம் சொல்லிட்டேன் அத்தை. மறைச்சு வாழறதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்?" என்று பிள்ளை என்னிடம் சொன்னதைக் கோர்ட்டில் சொன்னேன். ஜூரிகளும் தலையாட்டிக் கேட்டார்கள்.

பிறகுதான் அவனுடைய வக்கீல் அந்தப் படத்தைக் காட்டினார். அவள் விழுந்த பாலத்துத் திருப்பத்தில், உயிர் போன இடத்தில் சிலுவை வைக்கும் நம் வழக்கப்படி நீ நட்டது. அதில் உன் கையால் நீல எழுத்தில் ரொகேலியோ. "பெத்த அப்பனே ஆம்பளைப் பேரைத்தான் எழுதியிருக்கார். அப்போ ஏமாத்தினது யாரு?" என்றார். நீ எழுந்து வெளியே போனாய். அன்று போனவன்தான். அவனுக்குத் தண்டனையைக் குறைத்துக் கொடுத்ததை நீ கேட்கக்கூட இல்லை.

நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஞானஸ்நானப் பெயரைச் சொல்லித்தான் ஆண்டவர் கூப்பிடுவார், பிள்ளை வழி தவறிவிடக்கூடாது என்று பயந்தாய். நம் சாமியாரிடம் கேட்டேன். "எந்தப் பேருக்கு ஆடு திரும்பிப் பாக்கும்னு மேய்ப்பனுக்குத் தெரியாதா, ஒத்திலியா?" என்றார்.

சாம்பல் புதனுக்கு மறுநாள் சட்டசபையில் குடும்பத்தார் பேசலாமாம். நான் பேசுவேன், நான் பேசுவதை யார் நிறுத்த முடியும்? ஆனால் யாராவது மறுபடியும் அந்தப் படத்தைக் காட்டினால் நான் சொல்லி எடுபடாது. அது பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன் அழுதது, கொன்றவனுக்குச் சொன்ன சாட்சி இல்லை என்று நீதான் சொல்லவேண்டும்.

சிலுவையைப் பிடுங்கிவந்து, இழைத்து, வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். சிப்ரியானாவின் மருமகன் பெயர் எழுதித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். உன் தூரிகையை எண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வருகிற வழியில், பாலத்துத் திருப்பத்தில் சிலுவையைக் காணோமே என்று பதறாதே. என் அடுப்படியில், உன் நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஒத்திலியா