வண்டியில் பேச வேண்டிய குரல்

கும்மிடிப்பூண்டி
14.6.2009

அன்புள்ள மகன் லோகுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஜெர்மனியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். என்னடா அப்பா மெயிலை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வந்துவிட்டார் என்று நினைப்பாய். இப்போதெல்லாம் மெயிலை அம்மாவும் திறக்கிறாள், பக்கத்து வீட்டு மேரி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். காலையில் உலை வைத்த கையோடு வந்து உட்கார்ந்துகொண்டு, இன்னாய்யா, லோகு வண்டியப் பத்தி எதுனா எழுதிக்கீறானா என்று கேட்கிறாள். அவள் கண்ணில் படக்கூடாது என்றுதான் தபாலில் போடுகிறேன்.

மில்லில் ஆர்டர் இல்லை, ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள். கரண்ட் இருக்கிற நேரத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுகிறேன். பேட்டரியில் ஓடும் காரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதினேன், முகம் தெரியாத யாரோ ஒருவர் வந்து என் தப்பையெல்லாம் திருத்திவிட்டு, நன்றாக எழுதுகிறீர்கள் குப்புராஜ் ஐயா என்று ஒரு வரியும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை, சந்தோஷத்தில் இல்லை, உன்னை நினைத்து. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய வீடியோவை நல்லவேளை அம்மா காதில் விழாமல் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். தானே ஓடப்போகிற காராம், பத்து மொழியில் பேசுமாம், தமிழும் பேசியது. பேசியது அம்மா இல்லை. யாரோ ஒரு பெண், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி. உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, காரில் வழி சொல்லத் தமிழ்க் குரல் வேண்டும் என்று நீ கேட்டதற்காகப் போன வருஷம் வெயில் காலத்தில் ஃபேன் சத்தம் பதிந்துவிடும் என்று அதை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திக்கொண்டு, வேர்த்துக் கொட்டக் கொட்ட உட்கார்ந்து பேசினவள் அவள். மில்லுக்குப் போகிற லாரி சத்தம் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. இடதுபுறம் திரும்பவும் என்று நீ எழுதி அனுப்பியதைப் பிசகாமல் வாசித்தாள். அப்புறம், ஆட்டோல போனா நாம இப்டியா வழி சொல்றோம் என்று என்னைக் கேட்டுவிட்டு, அப்டியே பீச்சாங்கைப் பக்கம் வளைச்சிக்கோ நைனா, பாத்து, என்று அவளாகவே இன்னொன்றும் பேசினாள். எனக்கு அதுதான் பிடித்தது. இரண்டு விதத்தையும் உனக்கு அனுப்பினேன்.

அம்மா குரல் என்னடா ஆச்சு என்று நான் போனில் கேட்டதற்குச் சிரித்தாய். ஆபீஸில் தமிழ் தெரிந்தவர்கள் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம், யார் இந்த அம்மா என்று கேட்டார்களாம், ஊர்ல யாரோ தெரிஞ்சவங்கன்னு சொல்லிட்டேம்ப்பா என்றாய். குரலை மாற்றியது கம்பெனி விஷயம், அதில் எனக்கு வருத்தமில்லை. யாரோ என்றாயே, அதுதான் என்னால் விழுங்க முடியவில்லை. நீ காலேஜில் படிக்கும்போது நம் ஓட்டைக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொடுத்தேனே உபுண்டு, அந்தச் சிடி ஒரு பைசா வாங்காமல் நெதர்லாந்திலிருந்து வந்தது. அதில்தான் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாய். அதை எழுதினவர்கள் பெயரெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது என்று நீதான் எனக்குத் திறந்து காட்டினாய். ரோட்டில் ஆள் குறுக்கே வந்தால் அடையாளம் கண்டு நிற்கும்படி காருக்குச் சொல்லிக்கொடுக்கிறாயாம், பெற்றவளை அடையாளம் சொல்ல உனக்கு நாக்கு எழவில்லை. அந்தக் காரை வாங்கினவன்கூட அதன் மூளையான புரோகிராமைத் திறந்து பார்க்க முடியாது என்கிறாய். அப்படிப் பூட்டி வைத்துச் செய்கிற இடத்தில் இருந்து இருந்து நீயும் அப்படி ஆகிவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது.

எம்புள்ள செய்யிற கார்ல நான்தான் வழி சொல்லப்போறேன் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். ஆட்டோ ஓட்டுகிற துளசிராமன் இப்போதே அவளை வண்டிக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறான். வேலை இன்னும் முடியவில்லை என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், இனி என்னால் முடியாது. இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய், அவளே எடுப்பாள், நீயே உன் வாயால் சொல்லிவிடு. சுற்றி வளைக்காதே, உன் குரல் இல்லையம்மா என்று சொல். அழுதால் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிரு.

அவள் பேசியது எல்லாவற்றையும், அந்தப் பீச்சாங்கையையும் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்டர்நெட்டில் பொதுவில் போட்டுவிட்டேன். அவளைக் கேட்டேன், புள்ளைக்குத் தந்ததுதானே, ஊருக்கும் தந்தா இன்னா கொறஞ்சிடும் என்றாள்.

வேலைக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கோபத்தில் எழுதினாலும் நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அந்தப் பதிவுகளை உன் கம்பெனியும் எடுத்துக்கொள்ளலாம், நீயும் எடுத்துக்கொள்ளலாம், எங்களைக் கேட்கவே வேண்டாம். பேசியவர் பெயரைப் போட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. பெயர் சின்னப்பொண்ணு. சந்தேகமிருந்தால் உன் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார், அதிலும் போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
குப்புராஜ்