மைக் வைத்த இடம்

ஆவணி 6, வெள்ளி

காலையிலேயே வெயில். காற்று துளி இல்லை. இன்று மேல்மாடி அறையைத் திறக்கும் நாள்.

முதியோர் எழுத்து வகுப்பு டீச்சர் தினம் ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார். நேற்று எழுதவில்லை. அதற்கும் சேர்த்து இன்று.

இந்தப் பெரிய வீடு மெய்யப்பனுடையது. நான் கூப்பிடுவது தம்பி என்று. அவர் குடும்பத்தோடு சென்னையில். வீட்டைப் பார்த்துக்கொள்வது நானும் என் மனைவி பொன்னம்மாவும், முப்பது வருஷத்துக்கு மேலாக. சித்திரையில் வந்தபோது தம்பி மேல்மாடியில் ஹோம் தியேட்டர் மாட்டினார். சுவரில் பெரிய டிவி. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் உறுமுகிற பெட்டி ஒன்று. இத்தனைக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுப்பது ஒரு கறுப்பு மிஷின். டிரங்குப் பெட்டி கனம். ரிசீவர் என்று பேர்.

‘கருப்பையாண்ணே, வாரம் ஒருக்கா அரை மணி நேரம் ஓட விடுங்க. சும்மா கெடந்தா கெட்டுப்போயிரும்’ என்று சாவியைக் கொடுத்துப் போனார்.

அரை மணி என்றார். இன்று ஒன்றரை மணி. தப்புதான். எழுதிவிட்டேன்.

மிஷினைச் சோதிக்க ஒரு மழைப் படம் இருக்கிறது. முதலில் தூறல், முன்னால். பிறகு பின்னால். பிறகு சுற்றிலும். இடி தோளைத் தட்டிவிட்டுப் போயிற்று. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பொன்னம்மா மொட்டை மாடியில் மோர்மிளகாய் காயப் போட்டிருந்தாள். பாதியை முறத்தில் அள்ளிக்கொண்டு தடதடவென்று வந்து கதவருகில் நின்றாள்.

‘வெயில் மண்டையப் பொளக்குது, இடி இடிக்குதேன்னு ஓடியாறேன். நீங்கதானா?’

‘நான் இல்ல, மிஷின்.’

‘மிஷினுக்குத்தான் வேல இல்ல. ஒங்களுக்குமா?’

ஆனாலும் பத்து நிமிஷம் நின்று கேட்டாள். முறத்தைக் கீழே வைக்காமல்.

நான் உட்காருவது கதவோரம், தரையில். நடுவில் சோபா. அதில் உட்காரு என்றும் யாரும் சொல்லவில்லை, உட்காராதே என்றும் சொல்லவில்லை. கதவோரத்தில் ஒரு குறை. பின் ஸ்பீக்கர் ஒன்று காதுக்குப் பக்கத்தில், மற்றதெல்லாம் தூரம். மழை ஒரு பக்கமாகவே பெய்கிறது.

ஆவணி 7, சனி

பூட்டு இரண்டுக்கு எண்ணெய் போட்டேன். கிணற்றடியில் பாசி. சுரண்டணும்.

தம்பி போனில் ஒன்று அனுப்பியிருக்கிறார். ‘அண்ணே, படிச்சுப் பழகுங்க, நம்ம மிஷினப் பத்தி வாங்குனவுக எழுதுனது.’ மதியம் முழுக்க அதுதான். விரல் வைத்துப் படித்தேன். பிடித்தவை:

- ஒருவர்: சத்தம் தேன். சூடு தோசைக்கல்.
- ஒருவர்: கூட வந்த புத்தகம் ஒன்றும் விளங்கவில்லை. மருமகன் வந்த பிறகுதான் ஓடியது. மருமகனுக்கு ஐந்து நட்சத்திரம்.
- ஒரு அம்மா: இது வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.
- ஒருவர் கோபமாக: மூன்றே மாதத்தில் ஒரு பக்கம் ஊமை. வாங்காதீர்கள்.
- அவருக்குக் கீழேயே இன்னொருவர்: ஒயரை ஒழுங்காகச் செருகிப் பாருங்கள் ஐயா.
- ஒருவர்: அப்பா எப்போதும் சாய்வு நாற்காலியில்தான். அவர் இடத்தில் மைக்கை வைத்து மறுபடி அளக்க விட்டேன். வேறு மிஷின் ஆகிவிட்டது.

கடைசியை நான்கு தடவை படித்தேன்.

மைக் சங்கதி நான் பார்த்ததுதான். மாட்ட வந்தவர் ரபீக் பாய். புதுக்கோட்டையில் சொந்தமாகச் சின்னக் கடை. மாட்டி முடித்ததும் சோபாவில் ஒரு சின்ன மைக்கை நிறுத்தினார். ‘இதுதான் காது அண்ணே. இது இருக்குற எடத்துக்குத் தக்கன மிஷினே அளந்து சத்தத்தப் பங்கு போட்டுக்கிரும். அளக்கையில யாரும் மூச்சுக் காட்டப்படாது.’ எல்லோரும் வெளியே போய் நின்றோம். அந்த மைக் இப்போது டிவிக்குக் கீழே டிராயரில்.

முகம் தெரியாதவர்களுக்காக இத்தனை பேர் மெனக்கெட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு காலமும் இது என் பக்கத்திலேயே நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

ஆவணி 13, வெள்ளி

மேகம் கூடியது, கலைந்தது. மழை இல்லை.

செய்துவிட்டேன்.

ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து அதன் மேல் மைக். கதவோரம், நான் உட்கார்ந்தால் என் காது இருக்கும் உயரத்தில். டிவியில் வருவதெல்லாம் இங்கிலீஷ். ரபீக் பாய் எதை எதை அமுக்கினார் என்று பக்கத்திலிருந்து பார்த்திருந்தேன். போன வாரமே அந்தச் சொற்களைக் கோலம் போடுகிற மாதிரி ஒரு தாளில் வரைந்துவைத்தேன். இன்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அமுக்கினேன். மூன்று தடவை தப்பிற்று. நான்காவதில் பிடித்துக்கொண்டது.

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். உள்ளே ஒவ்வொரு ஸ்பீக்கராகக் குரல் கொடுத்தது. என் இடத்தை அளக்கிறது. பயம் பாதி, சந்தோஷம் பாதி.

பிறகு மழை போட்டேன். நட்டநடுவில் நான். எல்லாப் பக்கமும் சமம்.

மைக்கைத் துடைத்து டிராயரில் வைத்தேன். சோபாப் பக்கம் பார்க்கவில்லை. தம்பி வருவதற்குள் பழையபடி மாற்றிவிடலாம்.

ஆவணி 20, வெள்ளி

மாற்றவில்லை. அடுத்த வெள்ளி.

தம்பியும் அவர் மனைவி ஆச்சியும் ஒரு கல்யாணத்துக்காக இருபத்தெட்டாம் தேதி வருவதாகப் போன். நாள் இருக்கிறது.

வாங்க வேண்டியது: பினாயில், துடைப்பம் 2, கொசுவத்தி, எனக்கு நோட்டு.

ஆவணி 25, புதன்

மூன்று நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். கல்யாணத்தை இருபத்தாறுக்கு மாற்றிவிட்டார்களாம். பதினொரு மணிக்கு வாசலில் கார்.

தம்பி நேராக மேலே போனார். நான் காபியோடு பின்னால். சோபாவில் உட்கார்ந்து ஏதோ படம் போட்டார். இரண்டு நிமிஷத்தில் நிறுத்தினார்.

‘என்னண்ணே இது? பேச்சு எல்லாம் அங்கிட்டு இழுக்குது. பின்னால ஒண்ணு செத்தே போச்சு.’

ஆச்சி சொன்னார்: ‘நான் அப்பவே சொன்னேன், மெட்ராஸ்ல வாங்குங்கன்னு. டவுன் கடை ஆளக் கூட்டியாந்தீக.’

தம்பி அங்கேயே போன் போட்டார், எல்லோருக்கும் கேட்கும்படி.

‘பாய், நீங்க மாட்டுன லச்சணம் இதானா?’

‘அய்யா, மாட்டையில நீங்களே கேட்டீகளே, செரியாத்தான இருந்துச்சு? நான் ஜெகதாப்பட்டினத்துல ஒரு மண்டப வேலையில நிக்கிறேன். சனிக்கிழம வந்து பாத்துர்றேன்.’

‘நாங்க வெள்ளிக்கிழம கெளம்பிருவோம்.’

‘ஒரு நா பொறுத்துக்கங்கய்யா.’

தம்பி வைத்துவிட்டார். காபித் தட்டு என் கையில். தட்டோடு கீழே இறங்கினேன்.

கீழே ஆச்சியிடம் தம்பி பேசியது: பங்காளிகள் மூன்று பேர் இதே மாதிரி மாட்ட ரபீக் பாயிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். தம்பியின் கருத்தைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். ‘வேணாம்னு சொல்லிர வேண்டியதுதான்.’

மூன்று வீட்டு வேலை. என் ஒரு காதுக்காக.

ஆவணி 26, வியாழன்

ராத்திரி லேசான தூறல். முற்றம் ஈரம்.

கல்யாணத்துக்குப் புறப்படும்போது தம்பி ஒரு தாளை நீட்டினார். ‘அண்ணே, கோர்வையா எழுதுறீகளாமே, டீச்சர் சொன்னாக. மிஷின் மாட்டுன வேல சுத்தமில்ல, நம்பிக் குடுக்க வேணாம்னு நாலு வரி எழுதி வைங்க. போட்டோ எடுத்துப் பங்காளிக குரூப்புல போடுறேன். வீட்டோட இருக்குறவரு எழுதுனா நம்புவாக.’

என் எழுத்து முதல் தடவையாக நாலு பேர் பார்க்கப் போகிறது. அதற்கு இதுவா?

அவர்கள் போன பிறகு பொன்னம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

‘போய்ச் சொல்லிருங்க.’

‘நம்பிக்க போயிருமே.’

‘போகத்தான் செய்யும். பாய் என்ன செஞ்சாரு ஒங்களுக்கு?’

எழுதினேன். ‘மிஷின் நல்ல மிஷின். மாட்டியவர் சரியாக மாட்டினார். மைக்கின் இடத்தை மாற்றியது நான். கருப்பையா.’ நான்கு வரிக்கு முக்கால் மணி நேரம்.

மூன்று மணிக்கு வந்தார்கள். தம்பி படித்தார். சிரித்துவிட்டார்.

‘அட போங்கண்ணே! தொடைக்கையில கை பட்டிருக்கும். இதுக்கா இப்புடி வேத்து விறுவிறுத்து நிக்கிறீக?’

நான் வாயைத் திறப்பதற்குள் ரபீக் பாய்க்குப் போன். ‘பாய், பெரியவரு தெரியாமத் தொட்டுட்டாரு போல.’ அந்தப் பக்கமும் சிரிப்பு. ஆச்சியும் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

சிரித்து முடித்து ஆச்சி சொன்னது: ‘ஆனா ஒண்ணு. தொடைக்கையில கை பட்டதுக்கே கெட்டுப்போற மாதிரி மாட்டுனது அந்த பாய் தப்புதான? நாளைக்குப் பிள்ளைக தொட்டாலும் இதே கதிதான? நான் மூணு வீட்டுக்கும் சொல்லத்தான் போறேன்.’

நான் தப்பித்தேன். பாய் தப்பிக்கவில்லை.

ஆவணி 27, வெள்ளி

காலை இட்லி முடிந்தது. ஆச்சி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். தம்பி முகப்பில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளை வாங்கி, நின்றபடியே கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘தெரியாமல் அல்ல. தெரிந்தேதான் செய்தேன்.’

தம்பி படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ‘பாயக் காப்பாத்தப் பாக்குறீகளாண்ணே? அதுல எல்லாம் இங்கிலீஷுல கெடக்கு. நானே பொஸ்தகத்தப் பாத்துத்தான் செய்வேன்.’

‘மேல வாங்க தம்பி.’

மூன்று பேரும் வந்தார்கள். பொன்னம்மா படியிலேயே நின்றுவிட்டாள். டிராயரைத் திறந்து மைக்கை எடுத்தேன். சோபாவில் இரண்டு தலையணை, அதன் மேல் மைக். ரிமோட்டை எடுத்தேன். வரைந்த தாள் வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பாதியில் தோன்றியது.

‘வெளிய வாங்க. பேசப்படாது’ என்றேன். முப்பது வருஷத்தில் அவர்களிடம் நான் சொன்ன முதல் உத்தரவு.

கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தது. தம்பி தரையைப் பார்த்தார். ஆச்சி என்னைப் பார்த்தார்.

முடிந்ததும் தம்பி போய் சோபாவில் உட்கார்ந்து கேட்டார். சரியாக இருந்தது. நிறுத்தினார்.

‘எத்தன நாளா?’

‘ரெண்டு வாரமா.’

‘எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே செஞ்சு குடுத்திருப்பேன்ல?’

கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். செய்தும் கொடுத்திருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தலையை ஆட்டினேன்.

கொத்திலிருந்து மேல்மாடிச் சாவியை மட்டும் தம்பி கழற்றிக்கொண்டார். கோபமாக இல்லை. ‘இது பாய்ட்ட இருக்கட்டும்ணே. அவரே வாரம் ஒருக்கா வந்து பாத்துக்கிருவாரு.’ தாளைப் போட்டோ எடுத்து, என் எதிரிலேயே குரூப்பில் போட்டார். ஒரு வரியும் விடாமல். ஆச்சி தடுக்கவில்லை.

கார் போன பிறகு பொன்னம்மா: ‘எழுதப் படிக்கத் தெரியாம இருந்திருந்தா, தெரியாமச் செஞ்சதாவே போயிருக்கும்.’

‘நீதானே சொல்லச் சொன்ன?’

‘சொல்லத்தான் சொன்னேன். செஞ்சு காட்டச் சொன்னேனா?’

ஆவணி 30, திங்கள்

கிணற்றடிப் பாசி சுரண்டினேன். வகுப்புக்குப் போகவில்லை. டீச்சர் கேட்டால் முதுகு வலி.

புரட்டாசி 3, வெள்ளி

காற்று. நல்ல வெயில். பத்து மணிக்கு ரபீக் பாய் வண்டியில் வந்தார். சாவி அவர் சட்டைப் பையில். நான் எழுந்து நின்றேன்.

‘மன்னிச்சுக்கங்க பாய்.’

‘விடுங்கண்ணே. கடைக்கு வந்து ரெண்டு பேரு ஒங்க தாளப் படிச்சுக் காட்டிட்டுப் போனாக. எங் கடைக்கு இத்தன நல்ல கருத்து யாரும் எழுதுனதில்ல.’

மூன்று வீட்டில் இரண்டு வீடு வேலையைக் கொடுத்துவிட்டதாம். மூன்றாவது வீட்டு ஆச்சி இன்னும் சரி சொல்லவில்லையாம். அவர் மாமனாரும் தரையில்தான் உட்காருவாராம். ‘மைக்க எங்க வெச்சா அவருக்கு நல்லாக் கேக்கும்னு அந்தக் கருப்பையாவ வந்து பாக்கச் சொல்லுங்க, அப்புறம் மாட்டலாம்’ என்றாராம்.

கேட்டதும் சந்தோஷம் பொங்கியது. பொங்கியதற்கே வெட்கமாகப் போயிற்று. பாய் சிரித்தபடி மேலே போனார்.

சோதனைச் சத்தம் விட்டார். நான் படிக்குக் கீழே. முன் வலது, நடு, பின் இரண்டு, எல்லாம் வந்தது. முன் இடது மட்டும் கம்மல். பாய் மேலே நடந்துகொண்டே இருந்தார். கவனிக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி ஒரு சுற்று வந்தது. அதே கம்மல்.

சொன்னால் இவனுக்கு இன்னும் ஆசை விடவில்லை என்று நினைப்பார். சொல்லாவிட்டால் அடுத்த தடவை தம்பி வந்து உட்கார்ந்து பாயைத்தான் கேட்பார்.

படியில் கால் வைக்காமல், கீழே நின்றே கத்தினேன்: ‘பாய், முன்னால எடது பக்கம் கொறையுது, பாருங்க.’