நாலு ரோட்டில் காத்திருந்த ஞாயிறு

"தர்மபுரியில பார்க்க என்ன டீச்சர் இருக்கு?" எங்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே, மதிய மணி அடித்ததும் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. இன்று காலை புளி மண்டித் தெருவில் நடந்துபோனேன். புதுப் புளியின் வாசம் மூக்கில் ஏறியதும் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

வெளியூர்க்காரர் யார் கேட்டாலும் எங்களிடம் ஒரே பதில்தான். "ஒகேனக்கல் இருக்குதுங்களே" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "தண்ணியும் மீனும் எங்க நாகப்பட்டினத்துலயே கொட்டிக் கிடக்கு. நான் ஊரைக் கேட்டேன்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை இழுத்துக்கொண்டு நடந்தீர்கள். நான் பிறந்து வளர்ந்த ஊரை, பணிமாறுதலில் வந்த நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். மாமியார் கன்னடத்தில் திட்ட, மருமகள் தமிழில் பதில் கொடுக்கும் சந்து. அதியமான்கோட்டைப் பக்கம் கேழ்வரகுக் கொல்லை வரப்பில், வாளை ஓங்கி நிற்கும் வீரனைச் செதுக்கிய நடுகல். பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்த ஒரு வாசலில் நீங்கள் வெகுநேரம் நின்றுவிட்டீர்கள்.

"என்னா டீச்சரம்மா, எங்க வூட்டப் பாக்க டிக்கெட்டு வாங்கினு வந்தீங்களா?" என்றார் ஓர் அம்மா. நீங்கள் சட்டென்று உட்கார்ந்து அவரிடமிருந்து சுத்தியலை வாங்கி, கொட்டைக்குப் பதிலாக விரலைத் தட்டிக்கொண்டீர்கள். "இப்ப டிக்கெட்டு கிழிச்சாச்சு" என்றார் அவர். வாசலே சிரித்தது.

எடுத்துக்காட்டு இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. வந்தவருக்கு அருவியை மட்டும் காட்டி அனுப்புவது, கணக்கின் விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை அழித்துவிடுவது மாதிரி. நீங்கள் கணக்கு டீச்சர். வழிக்குத்தான் மதிப்பெண் போடுவீர்கள்.

ஓய்வு பெற்றதும் மகனோடு பெங்களூரு போனீர்கள். போன வருடம் போனில் உங்கள் குரல் மெலிந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை பையன் கார்ல கூட்டிட்டு வர்றான் டீச்சர். என்னால நடக்க முடியாது. கார்லயே நம்ம தெருவையெல்லாம் ஒரு சுத்து சுத்திடணும். இதுதான் கடைசின்னு தோணுது. நாலு ரோட்டுல நில்லுங்க."

நின்றேன். வெயில் உச்சிக்கு ஏறி இறங்கிய பிறகு உங்கள் மகன் கூப்பிட்டான். "ஆன்ட்டி, அம்மாவுக்கு ஒகேனக்கல் காட்டிட்டேன். தண்ணி சூப்பரா வருது. டிராபிக்குக்கு முன்னாடி பெங்களூரு போயிடணும், இன்னொரு நாள் வர்றோம்."

போன் உங்கள் கைக்கு வந்தது. "வழியெல்லாம் சொல்லிட்டேதான் வந்தேன் டீச்சர். 'அந்தச் சந்துல என்னம்மா இருக்கு'ன்னுட்டான்."

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. பெங்களூருக்கு நான் போனபோது உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அருவியின் முன்னால் எடுத்த படம். "அம்மாவோட கடைசி ஆசைய நிறைவேத்திட்டப்பா" என்று வந்தவர்கள் எல்லாம் அவன் தோளைத் தட்டினார்கள். அவன் கெட்டவனல்ல. இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை. ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதையே செய்தான். அது தெரிந்தும் என் கோபம் ஆறவில்லை. உங்களுக்காக நான் இன்னும் சுமப்பது அதைத்தான் டீச்சர். இதமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: வயதானவர் ஒருவரை வெளியே அழைத்துப்போவதாக இருந்தால், வண்டியை எடுக்கும் முன் எங்கே போக வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லும் இடத்துக்கே போங்கள்.