பூனை தின்ற ஈரல்

இன்று கெண்டை ஆய்ந்துகொண்டிருந்தேன். குடலைப் பிடுங்கியதும் அந்தக் கசப்பு வாடை எழுந்தது. வாசலில் பூனை கத்தியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுகையும். நீ போன பிறகு நான் மீன் வாங்கியதே இன்றுதான்.

தொண்ணூற்றொன்றில் நாம் இருவரும் விலங்கியல் முதுகலை மாணவிகள். பிள்ளைப்பாக்கம் ஏரியோரம் ஒரு முலாம் பூசும் பட்டறை வந்து, அதன் கழிவுநீர் ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. உன் அப்பா அந்த ஏரியில் வலை போட்டுத்தான் உன்னைப் படிக்க வைத்தார். மீனில் உலோகம் ஏறியிருக்கிறதா பார்க்கலாம் என்றது நீதான். ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு நீ கொண்டுவந்த மீனைப் பார்க்க வேண்டுமே! செதில் உரசி, குடலெடுத்து, அலசி, குழம்புக்குத் தயாராக இருந்தது. நல்லவேளை, மஞ்சள் தடவவில்லை.

சதையில் பயப்படும்படி எதுவும் இல்லை. உன் அப்பாவுக்கு நிம்மதி. உனக்கு மட்டும் முகம் தெளியவில்லை. மறுநாள் பேருந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“அடியே, ஈரலு, செவுளு எல்லாத்தையும் பூனைக்குப் போட்டுட்டேன்டி. மீனுல உலோகம் கீதா இல்லியான்னு கேட்டோமே, எங்க கீதுன்னு கேட்டோமா?”

அடுத்த முறை முழு மீன் வந்தது. துத்தநாகம் அளவோடு இருந்தது. உடம்புக்கு அது தேவை. மீன் வேண்டிய மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றிவிடும். காட்மியம் நச்சு உலோகம்; அதனால் மீனுக்கு ஒரு பயனும் இல்லை, லேசில் துரத்தவும் முடியாது. அதனால் ஒரு புரதத்தோடு சேர்த்துக் கட்டி ஈரலில் ஒதுக்கி வைத்திருந்தது. சேற்றில் மேயும் நத்தையையும் அரைத்துப் பார்த்தோம். அதில் இன்னும் அதிகம். நத்தையை ஊரில் முழுசாகவே தின்பார்கள்.

“எம்மா, எம் பொழப்புல மண்ணப் போட்டுறாத” என்று உன் அப்பா கெஞ்சினார். நீ கரையில் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே சொன்னாய்: “சதைக்குப் பயமில்ல. குடலு, ஈரலு, செவுளு வேணாம். நத்தைய மட்டும் தொடாதீங்க.”

சில நாள் ஒருவரும் வரவில்லை. அவர் உன்னோடு பேசவுமில்லை. பிறகு அவரே கரையில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, மீனை ஆய்ந்தே விற்க ஆரம்பித்தார். குடலைக் குழி தோண்டிப் புதைத்தார். “எம் பொண்ணு பாத்த மீனு!” என்று அவர் கூவியதைக் கேட்டு நீ தலையைக் குனிந்துகொண்டு அழுதாய். பட்டறைக்காரர் கழிவுநீர்க் குழாயை ஏரியிலிருந்து திருப்ப இன்னும் நாளாயிற்று; அதற்கும் நீதான் அலைந்தாய்.

இப்போது குன்றத்தூரில் என் மாணவிகள், “இந்த மீனு நல்லதா மேடம்?” என்று கேட்டால், “எந்தப் பாகம்?” என்று திருப்பிக் கேட்கிறேன். நீ இல்லை என்கிறார்கள். இருக்கிறாயா இல்லையா என்று நான் கேட்டுப் பழகவில்லை. எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

பூனை இன்னும் கத்துகிறது. கத்தட்டும். மீன் ஆயும் என் கையில் நீ இருக்கும்வரை அதற்கு ஈரல் கிடைக்காது.