சுவரே, மாமாவிடம் சொல்லு

ஜூன் 4
எரிமலை பார்க்கும் காட்சிமேடையில் நல்ல கூட்டம். மேடான் நகரத்திலிருந்து வந்த ஒருத்தி கேட்டாள்: "அக்கா, சினாபுங் எப்ப புகை விடும்? புகையோட ஒரு போட்டோ வேணும்."

அந்தப் புகைதான் எங்கள் ஊரைத் தின்றது. சிரித்தபடி சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். பிழைப்பு.

ஜூன் 6
மாமனாரும் மருமகளும் நேரே பேசக்கூடாது என்று எங்கள் இனத்தில் வழக்கம் வைத்தவர்கள், சர்க்கார் கட்டிக் கொடுத்த இந்தத் தீப்பெட்டி வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். என் கணவர் லாரியோடு போனால் திரும்பப் பதினைந்து நாள். நடுவில் நின்று சொல்ல ஆளில்லை. சுவர்தான்.

"சுவரே, நாளைக்கு நான் பழைய ஊருக்குப் போறேன்னு அவகிட்ட சொல்லு. காப்பித் தோட்டம் என்னாச்சோ."

"சுவரே, அங்க யாரும் போகக்கூடாதுன்னு கம்பி கட்டியிருக்குன்னு மாமாகிட்ட சொல்லு. மலை இன்னும் அடங்கலை."

"சுவரே, இவ அப்பன் வீட்டுச் சேவலும் இப்படித்தான் கத்துமான்னு கேளு."

ஜூன் 7
மாமா விடியும் முன்பே போய்விட்டார்.

பதினொரு மணிக்கு மலை வெடித்தது. மேடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்டினார்கள்! அந்தச் சாம்பல் தூணுக்கு அடியில்தான் அவர்— "கொஞ்சம் நகருங்கக்கா, மறைக்குது" என்றான் ஒருத்தன். அவனைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தேன். அவர் எண்ணை நான் ஒருநாளும் அழுத்தியதில்லை.

"மாமா! எங்க இருக்கீங்க? வந்துடுங்க மாமா, வந்துடுங்க!"

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மாலை மோட்டார் சைக்கிளில் வந்தார். உச்சி முதல் பாதம் வரை சாம்பல். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 8
பக்கத்து வீட்டு ரெஹூலினா: "ஏன்டி, மாமனார்கிட்ட நேராவே பேசிட்டியாமே! மேடை முழுக்கக் கேட்டுச்சாம்."
பேசினேன். அதற்கென்ன இப்போ?

ஜூன் 9
அவர் சுவரோடும் பேசவில்லை. சோறு அப்படியே இருக்கிறது. தப்பு செய்துவிட்டேனா? உயிர் போகிற நேரத்தில் யாரைத் தூது விடுவது?

ஜூன் 10
காலையில் கொல்லையில் மண்வெட்டிச் சத்தம். போய்ப் பார்த்தேன். ஈரச் சாக்கில் எட்டுக் காப்பிக் கன்றுகள், பழைய தோட்டத்து மண்ணோடு. நான்கு வருடமாக இங்கே ஒரு மிளகாய்ச் செடிகூட வைக்காத மனிதர் எட்டுக் குழி வெட்டியிருந்தார்.

தலை நிமிரவில்லை. "மண்வெட்டியே, அவகிட்ட சொல்லு. இது காய்க்க மூணு வருஷமாகும். அதுவரைக்கும் நான் எங்கயும் போறதா இல்லை."

எட்டுக்கும் தண்ணீர் ஊற்றினேன்.